என் கதாநாயகன் புகைபிடிக்கலாமா, டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 29. முதல் படம் இயக்கப் போகிறேன். கதையின் மையம் 52 வயது லாரி ஓட்டுநர். மகளோடு பல வருடம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, அவளைப் பார்க்கக் கிளம்புகிறார். அவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே அவரை சிகரெட் இல்லாமல் என்னால் யோசிக்க முடியவில்லை. ஆனால் உதவி இயக்குநர் ஒருவர், "என் தம்பி சினிமா பார்த்துத்தான் ஆரம்பித்தான். இந்தக் காட்சிகளில் நான் வேலை செய்ய மாட்டேன்" என்கிறார். தயாரிப்பாளருக்குச் சான்றிதழ் கவலை. திரையில் எச்சரிக்கை வரி வந்தால் காட்சி கெட்டுவிடும் என்கிறார். ஒளிப்பதிவாளருக்கோ பின்னொளியில் புகை வேண்டும். நான் புகைபிடிப்பதில்லை. படத்தில் ஒருவர் சிகரெட் பிடித்தால் நிஜமாகவே யாராவது கெட்டுப்போகிறார்களா? உள்ளதைக் காட்டுவது தப்பா? கெட்டவர்கள் மட்டும் பிடிப்பதுபோல் மாற்றினால் சரியாகிவிடுமா? மூன்று காட்சிகளை இணைத்திருக்கிறேன். நாயகனாக நடிப்பவர் இரண்டு வருடம் முன்பு சிகரெட்டை விட்டவர். கதாபாத்திரத்துக்காக மறுபடி பிடிக்கத் தயார் என்கிறார், அவ்வளவு ஈடுபாடு அவருக்கு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

காட்டலாம். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் மூன்று காட்சிகளில் இருக்கிற மாதிரி காட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது குழப்பமாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குத் திரைக்கதை எழுதத் தெரியாது. புகையிலையை விட நினைத்தும் விட முடியாமல் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. அதனால் உங்கள் ஓட்டுநரையும் என் அறைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவராகத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அப்படிப் பார்த்தபோது அவரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டிய பல விஷயங்கள் உங்கள் காட்சிகளில் இல்லை. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில், யாராவது கெட்டுப்போகிறார்களா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி.

ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே ஒரு பையன் சிகரெட்டைத் தேடிப் போவதில்லை. பார்த்துப் பார்த்து மனதில் சேர்வதுதான் விஷயம். இதை அளந்து பார்த்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரை உள்ள, அதுவரை ஒரு தடவைகூடப் புகைத்துப் பார்க்காத 2,600 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். யார் எந்தெந்தப் படங்கள் பார்த்திருக்கிறார்கள், அவற்றில் புகைக் காட்சிகள் எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகளிடம் திரும்பப் பேசினார்கள். புகைக் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்திருந்தவர்கள், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைவிட 2.7 மடங்கு அதிகமாகப் புகைத்துப் பார்த்திருந்தார்கள்.

கண்டிப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதிரிப் படங்களையும் பார்க்கிறார்கள், சிகரெட்டும் பிடிக்கிறார்கள், இதில் சினிமாவை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். வீட்டில் யாராவது புகைக்கிறார்களா, நண்பர்கள் பிடிக்கிறார்களா, பெற்றோரின் வளர்ப்பு எப்படி, பிள்ளையின் சுபாவம் எப்படி என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்த பிறகு கிடைத்ததுதான் அந்த 2.7. அதற்குப் பிறகு வேறு நாடுகளிலும் இதேபோன்ற முடிவுகள் வந்தன. 2012-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, திரையில் வரும் புகைக் காட்சிகள் இளம் வயதினர் புகைபிடிக்கத் தொடங்குவதற்குக் காரணமாகவே இருக்கின்றன என்று எழுதியது. இந்தத் துறையில் காரணம் என்ற சொல்லை யாரும் சுலபத்தில் எழுதிவிட மாட்டார்கள். அதே நாட்டுக் கணக்குப்படி, தினமும் புகைக்கும் பெரியவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் முதல் சிகரெட்டை 18 வயதுக்குள்ளேயே பிடித்துப் பார்த்தவர்கள். உங்கள் உதவி இயக்குநர் தன் தம்பியைப் பற்றிச் சொல்வதை வெறும் உணர்ச்சிவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கம் ஆதாரம் இருக்கிறது.

அந்த 2003 ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அதனால்தான். பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் சினிமாவின் தாக்கம் இன்னும் பலமாக இருந்தது. முதல் தடவை படித்தபோது எனக்கே ஆச்சரியம். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. இனி சொல்வது என் ஊகம், ஆய்வின் முடிவு இல்லை. அப்பா புகைபிடிக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு சிகரெட்டின் முழு வரலாறும் தெரியும். காலை இருமல் தெரியும். சட்டை நாற்றம் தெரியும். "இன்னிக்கோடு விட்டுட்டேன்" என்று சொன்ன அப்பா சாயங்காலமே மாடிக்குப் போவது தெரியும். புகையே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு சிகரெட்டை அறிமுகப்படுத்துவது திரைதான். திரை அதற்குக் காட்டுவதோ, பற்றவைக்கிற நொடியும் முதல் இழுப்பும் மட்டும்.

புகையைக் காட்டுவதைவிட, புகையைப் பற்றித் திரும்பத் திரும்பப் பாதியை மட்டும் காட்டுவதுதான் சினிமா செய்கிற தீங்கு என்று நான் நினைக்கிறேன். எத்தனையோ படங்களில் எத்தனையோ பேர் சிகரெட் பிடிக்கிறார்கள், யாரும் அதை முடிப்பதில்லை. இரண்டு இழுப்பு, ஒரு வசனம், காட்சி முடிந்தது. சாம்பல் எங்கேயும் விழுவதில்லை. யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. நள்ளிரவில் தீப்பெட்டி தேடி யாரும் வீட்டைப் புரட்டுவதில்லை. குழந்தையைத் தூக்கும் முன் யாரும் கையைக் கழுவுவதில்லை. மழையில் ஓரமாக ஒண்டி நின்று யாரும் அவசர அவசரமாக இழுப்பதில்லை. சிகரெட்டைச் சுண்டி எறிந்து உதட்டில் பிடிக்கிற வித்தை மட்டும் பத்து வயதுப் பையனுக்கு மனப்பாடம்.

இது தானாக வந்த பழக்கமும் இல்லை. 1930களிலேயே அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் ஹாலிவுட் நட்சத்திரங்களைத் தங்கள் விளம்பரங்களில் வரிசையாக நிறுத்தின. பின்னாளில் காசு கொடுத்துப் படங்களுக்குள்ளேயே நுழைந்தன. 1983-ல் ஒரு பெரிய நடிகர் 5 லட்சம் டாலருக்குக் குறைந்தது 5 படங்களில் ஒரு கம்பெனியின் சிகரெட்டைப் பயன்படுத்துவதாக எழுதிக் கொடுத்த கடிதம் பிறகு வெளியே வந்தது. 1998-ல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகுதான் அங்குள்ள பெரிய கம்பெனிகள் இப்படிக் காசு கொடுப்பது தடை செய்யப்பட்டது. உங்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் சிந்தனையில் ஆழ்ந்தவன் என்றால் சிகரெட், தனிமை என்றால் சிகரெட், காதல் தோல்வி என்றால் சிகரெட் என்ற பாஷை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களும் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

சரி, உங்கள் மூன்று காட்சிகளுக்கு வருகிறேன்.

முதல் காட்சியில் ஓட்டுநர் நள்ளிரவில் வண்டியை ஓரம்கட்டி, அதில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி பற்றவைக்கிறார். இரண்டாவதில் மகளிடமிருந்து போன் வருகிறது, பேசி முடித்ததும் பற்றவைக்கிறார். மூன்றாவதில் மகள் மன்னித்துவிடுகிறாள், அவர் வாசலுக்கு வந்து கண்ணீரோடு பற்றவைக்கிறார். மூன்றிலும் சிகரெட் செய்கிற வேலை ஒன்றே. மனிதருக்கு மனம் நிறைந்திருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குச் சொல்கிறது. அதைச் சொல்ல உங்கள் நடிகருடைய முகம் போதாதா? இந்த மூன்று இடத்திலும் சிகரெட்டை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை. முதல் காட்சி உண்மையில் இன்னும் நன்றாக இருந்தது, ஏனென்றால் அவர் கை சும்மா இருக்கிறது, அந்தச் சும்மா இருப்பதில் ஒரு தவிப்பு தெரிகிறது.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். ஓயாமல் புகைபிடிப்பவர் என்கிறீர்கள், ஆனால் உணர்ச்சி பொங்கும்போது மட்டும்தான் உங்கள் ஓட்டுநர் பிடிக்கிறார். நான் பார்க்கிறவர்கள் அப்படி இல்லை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்பது கடும் அடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்று, நாங்கள் எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்விகளில் அதுவும் உண்டு. உங்கள் ஓட்டுநர் கண் விழித்ததும் கை எங்கே போகிறது? பாக்கெட்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்று அவர் எப்போதும் எண்ணிக்கொண்டே இருப்பார், அது காலியாவதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்திருப்பார். பாதி பிடித்ததை அணைத்து வைப்பார். வண்டியில் எங்கே தீப்பெட்டி, மாற்று லைட்டர் எங்கே என்று இருட்டிலும் தெரியும். சட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஏறும்போது நடுப்படியில் நின்று, போன் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். இவை எதிலும் அழகான புகை இல்லை. ஒரு மனிதருடைய முழு நாளும் ஒரு பொருளைச் சுற்றி எப்படி அமைந்துவிடுகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

இப்போது நான் உங்களிடம் நிஜமாகவே எதிர்பார்க்கிற காட்சியைச் சொல்கிறேன். ஒரு இழுப்பில் நிக்கோட்டின் 10, 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனம் நிற்காமை, சும்மா உட்கார முடியாமை எல்லாம் தொடங்கும். அடுத்த சிகரெட்டில் அது அடங்கும். சிகரெட் மனதை அமைதிப்படுத்துகிறது என்று புகைப்பவர்கள் நம்புவதில் பெரும்பகுதி இதுதான்: முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பை அடுத்த சிகரெட் தீர்த்துவைக்கிறது.

உங்கள் ஓட்டுநர் பல வருடத்துக்குப் பிறகு மகள் வீட்டுக்குள் நுழைகிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கே பிடிக்க மாட்டார், பிடிக்கவும் முடியாது. ஒரு மணி நேரம் போகிறது. இரண்டு மணி நேரம் போகிறது. மகள் ஏதோ முக்கியமானதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வாழ்நாளெல்லாம் அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தைகளாகக்கூட இருக்கலாம். அவர் காதில் பாதிதான் விழுகிறது. விரல் மேஜையைத் தட்டுகிறது. கண் வாசலுக்குப் போகிறது. குழந்தை அழும்போது முகம் சுளிக்கிறார். "சரிம்மா, நான் கிளம்பறேன், வண்டி ரோட்டில நிக்குது" என்கிறார். அப்பாவுக்கு இன்னமும் தன் மேல் பாசம் இல்லை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவரை அந்த அறையிலிருந்து வெளியே இழுத்தது நிக்கோட்டின் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாது.

இதை நான் கற்பனையில் இருந்து சொல்லவில்லை. உறவுக்காரர் இறுதிச் சடங்கில் இருக்க முடியாமல் நடுவில் எழுந்து போனதை, பிள்ளையின் பள்ளி விழாவில் அவன் மேடையேறிய நேரத்தில் வெளியே நின்றிருந்ததை, என் எதிரில் உட்கார்ந்து தலை குனிந்தபடி சொன்னவர்கள் உண்டு. புற்றுநோய் பயத்தைவிட இந்த நினைவுகள்தான் பலரை என்னிடம் கொண்டுவருகின்றன. திரையில் இதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் படத்தின் மிக வலுவான புகைக் காட்சியில் ஒரு சிகரெட்கூட எரிய வேண்டிய அவசியம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் படம் முழுக்க சிகரெட்டே தெரியக் கூடாதா என்றால், இல்லை. தெரியட்டும். அங்கேயிருந்து கிளம்பி வந்து வண்டியில் ஏறியதும் அவர் பற்றவைக்கட்டும். அந்த ஒரு தடவை பார்ப்பவருக்கு அது ஒரு அழகாகத் தெரியாது, ஒரு தோல்வியாகத் தெரியும். ஆனால் கேமராவை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு.

திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பத்து வயதுப் பையன் மட்டும் இல்லை, போன வாரம் சிகரெட்டை விட்டவரும் இருக்கிறார். 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், புகைபிடிப்பவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒரு சாதாரண சினிமாவைக் காட்டினார்கள். ஆய்வு எதைப் பற்றியது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கதாபாத்திரம் சிகரெட் பிடிக்கும் காட்சிகள் வந்தபோது, கை அசைவைத் திட்டமிடுகிற மூளைப் பகுதிகள் அவர்களுக்கு விழித்துக்கொண்டன. புகைக்காதவர்களுக்கு அந்த அளவு இல்லை. படம் பார்த்துக்கொண்டிருந்தவருடைய மூளை, சிகரெட்டை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். விடுகிற முயற்சியில் இருக்கிறவருக்கு முதல் சில வாரங்கள்தான் மிகக் கடினம், அதிலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் தவிப்பு உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் தீக்குச்சி உரசும் சத்தமும், நுனி சிவக்கும் குளோஸப்பும், கண் மூடி இழுக்கும் முகமும் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே கையையும் உதட்டையும் நெருங்கிப் போகாதீர்கள். அந்தச் சத்தத்தை இசைபோலச் சேர்க்காதீர்கள். அவர் முதுகைக் காட்டுங்கள், இல்லை ஜன்னலில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் முகத்தைக் காட்டுங்கள்.

ஒளிப்பதிவாளருக்குப் பின்னொளியில் ஏதாவது மிதக்க வேண்டும் என்றால், நெடுஞ்சாலையில் தூசிக்கும் பனிக்கும் வண்டிப் புகைக்கும் பஞ்சமே இல்லை.

கெட்டவர்கள் மட்டும் பிடிப்பதுபோல் மாற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பலருக்கும் வருகிற யோசனைதான் இது, பயன்தராது. நல்லவர் பிடித்தாலும் கெட்டவர் பிடித்தாலும் பிள்ளைகள் மேல் தாக்கம் இருக்கிறது என்று 2009-ல் வந்த ஓர் ஆய்வு இதையே தனியாகப் பார்த்துச் சொன்னது. யாருக்கும் அஞ்சாத, தன் இஷ்டப்படி வாழ்கிற ஆள் என்றுதானே கெட்டவனை எழுதுகிறோம்? பதின்வயதில் அதைவிடக் கவர்ச்சி வேறு என்ன இருக்கிறது? அதோடு, அது நியாயமும் இல்லை. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை.

தடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் இருக்கிறது. ஒட்டுமொத்தத் தடை எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் 2005-ல் அப்படி ஒரு விதி வந்தது, 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். தடை செய்தால் நான் மேலே சொன்ன மகள் வீட்டுக் காட்சியும் சேர்ந்துதான் போகும். வரலாற்றையும் திருத்த வேண்டி வரும். 2009-ல் பாரிஸில் ழாக் தாத்தி என்ற இயக்குநரைப் பற்றிய கண்காட்சிக்கு மெட்ரோவில் சுவரொட்டி ஒட்டியபோது, அவருடைய புகழ்பெற்ற கதாபாத்திரத்தின் வாயில் இருந்த பைப்பை எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் விளையாட்டுக் காற்றாடியைப் பொருத்தினார்கள். அதனால் ஒரு நுரையீரல்கூடப் பிழைத்திருக்காது.

தடைக்குப் பதிலாக வந்ததுதான் 2012 அக்டோபர் முதல் இந்தியாவில் இருக்கும் ஏற்பாடு. தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுக் குறும்படம், காட்சி ஓடும்போது அடியில் எச்சரிக்கை வரி. 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களுக்கும் இது பொருந்தும். 2013-ல் அமெரிக்க இயக்குநர் வுடி ஆலன் இந்த வரியை ஏற்காமல் தன் படத்தை இந்தியாவில் வெளியிடாமலேயே விட்டார். கலைஞருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் எச்சரிக்கையின் பக்கம்தான். படத்துக்கு முன்னால் நல்ல விழிப்புணர்வுப் படம் ஒன்றைக் காட்டினால் திரைப் புகையின் கவர்ச்சி குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. அடியில் வரும் வரியின் பலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, கண் பழகிவிடுகிறது. ஆனால் உங்களுக்கு அது ஒரு விதத்தில் உதவும். அந்த வரியோடும்கூட இந்தக் காட்சி வேண்டும் என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் தயாரிப்பாளரோடு நீங்கள்தான் பேச வேண்டும். புகைக் காட்சி உள்ள படங்களுக்கு வயது வந்தோருக்கான சான்றிதழ் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதற்காக இயக்கம் நடத்துகிறவர்களே இரண்டு விதிவிலக்கு சொல்கிறார்கள்: நிஜமாகவே புகைபிடித்த வரலாற்று மனிதர்களைப் பற்றிய படம், புகையின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிற படம். உங்கள் படம் இரண்டாவது வகைக்கு வந்துசேர வாய்ப்பிருக்கிறது, இப்போதுள்ள மூன்று காட்சிகளோடு வராது. சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் சிகரெட் வேண்டவே வேண்டாம். விதியும் அதை அனுமதிப்பதில்லை. படத்தைப் பார்க்காத ஆயிரம் பிள்ளைகள் சுவரொட்டியைப் பார்ப்பார்கள், அதில் கதை இருக்காது, முகமும் புகையும் மட்டும்தான் இருக்கும்.

உதவி இயக்குநரை இந்தக் காட்சிகளில் வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்கு முன், திருத்தி எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். தம்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்கள் கதைக்கு வேண்டியதாக இருக்கலாம்.

கடைசியாக உங்கள் நடிகர். இதில் மட்டும் நான் கருத்து சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்: அவர் கையில் எரியும் சிகரெட்டைக் கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் தாண்டியவர் மறுபடி தொடங்கும் வாய்ப்பு முதல் மாதங்களைவிட மிகவும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது அவர் தொடாமல் இருக்கிற வரைக்கும்தான். விட்டுப் பல வருடம் ஆனவர்கள் ஒரே ஒரு சிகரெட்டில் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படப்பிடிப்பில் ஒரு காட்சிக்கு எத்தனை டேக், எத்தனை கோணம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சிகரெட் என்று தொடங்குவது அன்று மாலைக்குள் ஒரு பாக்கெட்டாகிவிடும்.

மூலிகை சிகரெட் தருகிறோம் என்று படப்பிடிப்பில் சொல்வார்கள். அதில் நிக்கோட்டின் இல்லை, சரி. ஆனால் எரிகிற எந்த இலையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. அதோடு அவருக்கு ஆபத்து நிக்கோட்டினில் மட்டும் இல்லை. விரலிடுக்கில் அந்தத் தடிமன், உதட்டுக்குப் போகும் கை, உள்ளே இழுக்கும் மூச்சு, எல்லாமே மூளை மறக்காத பழைய பாதை. மின்சிகரெட்டையும் யோசிக்க வேண்டாம், அதில் பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கும், இந்தியாவில் 2019 முதல் அது தடையும்கூட.

நான் சொன்ன அந்த ஒரே காட்சியை முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் பற்றவைக்க வேண்டிய தேவையே இல்லை. பற்றவைக்காத சிகரெட் ஒன்றைக்கூடக் கையில் கொடுக்காமல் எடுக்க முடியுமா என்று பாருங்கள். நுனிக் கங்குக்கு ஒரு சின்ன சிவப்பு விளக்கு, புகைக்குப் பிற்பாடு கிராஃபிக்ஸ், இவ்வளவு போதும். தவிக்கிற காட்சிகளை எழுதுவதற்கு அவரிடமே கேளுங்கள். விட்ட முதல் வாரம் எப்படி இருந்தது என்று அவருக்கு உடம்பே சொல்லும், உங்கள் கதாபாத்திரத்துக்கு அவர் தர முடிகிற மிகப் பெரிய விஷயம் அதுதான். ஆனால் அதையும் தனியாக உட்கார்ந்து, முழு குழுவுக்கும் முன்னால் இல்லாமல் கேளுங்கள். கேமரா முன் நாயகனாக நிற்கிற வாய்ப்பு கிடைத்தவர் இயக்குநரிடம் முடியாது என்று சொல்லத் தயங்குவார். "ஒரு டேக்தானே சார், பரவாயில்லை" என்று அவரே சொன்னாலும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். படப்பிடிப்பு நாட்களில் ஏக்கம் வந்தால் சில நிமிடங்களில் அது தணிந்துவிடும் என்பதையும், அந்தச் சில நிமிடத்துக்கு அவர் இடத்தைவிட்டு நகர்ந்து போகலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மகள் வீட்டுக் காட்சியை எழுதி முடித்ததும் அனுப்புங்கள். முதல் மணி நேரத்தில் உடம்பு எப்படி இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் எப்படி மாறும் என்று பார்த்துக் குறித்துத் தருகிறேன். நடிகருக்கும் அது உதவும்.

அன்புடன்,
டாக்டர்